காய்ச்சலுக்கு அப்புறம் தைராய்டு: குழந்தைக்கு ஹாஷிமோட்டோ வரத் தொற்றுதான் காரணமா?

கேட்டவர் ஒரு தாய். அவர் எழுதியதன் சுருக்கம்: “மகளுக்கு 9 வயது. மூன்று மாதத்துக்கு முன் கடுமையான காய்ச்சலும் தொண்டை வலியுமாக ஒரு வாரம் படுத்துவிட்டாள். காய்ச்சல் போனது, சோர்வு போகவில்லை. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு தளர்ந்தால் ஏறும்) 38, டி.பி.ஓ. ஆன்டிபாடி (தைராய்டுக்கு எதிராக உடலே உண்டாக்கும் புரதம்) 600-க்கு மேல். ஹாஷிமோட்டோ என்ற தைராய்டு நோய் என்கிறார்கள். அந்தக் காய்ச்சல்தான் இதைக் கொண்டுவந்ததா? உடனே ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் தடுத்திருக்கலாமா? 5 வயதுத் தம்பிக்கும் தொற்றுமா?”

முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காய்ச்சல் இந்த நோயை உண்டாக்கியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தாலும் ஹாஷிமோட்டோ வந்தேதான் இருக்கும். தம்பிக்குக் காய்ச்சல் தொற்றலாம், ஹாஷிமோட்டோ தொற்றாது. அதற்காகத் தொற்றுக்கும் தைராய்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சம்பந்தம் உண்டு, ஆனால் அது நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை.

குழந்தைகளின் ஹார்மோன் கோளாறுகளைப் பார்ப்பதுதான் என் வேலை. உங்கள் கேள்வியைப் படித்ததும் சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு குடும்பம் நினைவுக்கு வந்தது. கிட்டத்தட்ட இதே வயது, இதே கதை. “நல்லாத்தான் இருந்தா டாக்டர், அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம்தான் எல்லாம்” என்றார் அம்மா. முன்பு எடுத்த உயர அளவு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அப்பா வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, படுக்கையறைக் கதவு நிலையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதியிருந்தார்கள். 5-க்கும் 6-க்கும் நடுவே நல்ல இடைவெளி, 6-க்கும் 7-க்கும் அதே போல. 7-லிருந்து 8-க்குள் இடைவெளி சுருங்கிவிட்டது. 8-க்கும் 9-க்கும் இடையே இரண்டு விரல் வைக்கக்கூட இடமில்லை. காய்ச்சல் வந்ததோ ஒன்பதாவது பிறந்தநாளுக்குப் பிறகு. அந்த அம்மா படத்தைப் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்ப போன வருஷமே ஆரம்பிச்சிடுச்சா?” என்று கேட்டார். ஆமாம், குறைந்தது ஒரு வருடம் முன்பே.

இந்த வயதுக் குழந்தை வருடத்துக்குச் சுமார் 5 முதல் 6 செ.மீ. வளர வேண்டும். தைராய்டு ஹார்மோன் குறையும்போது முதலில் நிற்பது பெரும்பாலும் உயரம்தான். எடை குறையாது, சில சமயம் கூடவும் செய்யும், அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. வகுப்பில் பின்வரிசையில் நின்றவள் முன்வரிசைக்கு வந்துவிடுவாள். பழைய பள்ளிக்கூடப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கழுத்தின் அடிப்பகுதி மெல்ல நிறைந்துகொண்டு வருவதும் சில குழந்தைகளிடம் தெரியும். நீங்களும் உங்கள் மகளின் பழைய உயர அளவுகளை ஒருமுறை தேடிப் பாருங்கள்.

ஹாஷிமோட்டோ பொதுவாக மெதுவான நோய். உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தத் தைராய்டு சுரப்பியையே அந்நியம் என்று நினைத்துத் தாக்குகிறது. ரத்தத்தில் ஆன்டிபாடி தென்படத் தொடங்கி, சுரப்பி தளர்ந்து டி.எஸ்.எச். ஏறுவதற்குள் பல மாதங்கள் போகலாம், பல வருடங்களும் போகலாம். சிலருக்கு ஆன்டிபாடி இருந்தபடியே இருக்கும், சுரப்பி கடைசிவரை தாக்குப்பிடித்துவிடும். ஆக, மூன்று மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல் பெரும்பாலும் செய்தது ஒன்றுதான்: உங்களை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனது. அது வராதிருந்தால் இன்னும் ஆறு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்திருப்பீர்கள்.

தொற்றின் மேல் சந்தேகம் வருவதில் உங்கள் தவறு எதுவும் இல்லை, மருத்துவமே அந்த வழியாக வந்ததுதான். ஜப்பானிய அறுவை மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912-ல் நான்கு பெண்களின் தைராய்டை ஆராய்ந்து எழுதினார். சுரப்பி முழுக்க லிம்ஃபோசைட்டுகள் குவிந்திருந்தன. லிம்ஃபோசைட் என்பது கிருமியோடு போராட வேண்டிய வெள்ளணு. படை இறங்கியிருந்தால் எதிரி எங்கே என்று தேடுவதுதானே இயல்பு? எதிரி என்று யாரும் இல்லை, படை தாக்குவது சொந்த வீட்டைத்தான் என்பது 1956 வரை புரியவில்லை. அந்த வருடம்தான் ஹாஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தத்தில் தைரோகுளோபுலின் என்ற தைராய்டுப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதை லண்டனில் கண்டார்கள்.

சரி, படைக்குத் தவறான கட்டளை எப்படிப் போனது? தொற்று உள்ளே வருவது இந்த இடத்தில்தான். இரண்டு வழிகளைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள்.

ஒன்று, ஆள் மாறாட்டம். கிருமியின் ஏதோ ஒரு புரதத் துண்டு நம் தைராய்டுப் புரதத்தின் சாயலில் இருந்துவிட்டால், கிருமிக்காகத் தயாரான ஆயுதம் தைராய்டின் மேலும் பாயும். இதற்கு எல்லோரும் காட்டிய உதாரணம் எர்சினியா என்டரோகோலிடிகா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி. தைராய்டு செல்லில் டி.எஸ்.எச். வந்து ஒட்டும் இடம் ஒன்று உண்டு. தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில் ஆன்டிபாடி குறிவைப்பது அந்த இடத்தைத்தான். எர்சினியாவின் மேலும் டி.எஸ்.எச். ஒட்டுகிறது என்று ஆய்வகத்தில் காட்டினார்கள். கதை அழகாகப் பொருந்தியது. ஆனால் ஆம்ஸ்டர்டாமில், தைராய்டு நோயாளிகளின் நெருங்கிய உறவினரான பெண்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தபோது, எர்சினியா வந்தவர்களுக்குத் தைராய்டு நோய் கூடுதலாக வரவில்லை. ஆய்வகத்தில் பொருந்துவது வேறு, மனிதர்களிடம் நடப்பது வேறு என்பதற்கு என் மாணவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இது.

இன்னொன்று, பக்கத்தில் எரியும் நெருப்பு நம் வீட்டையும் பிடிப்பது போன்றது. வைரஸ் உள்ளே வந்ததும் உடல் இன்டர்ஃபெரான் என்ற அபாய அறிவிப்பை அனுப்புகிறது. அந்தச் சூட்டில், பொதுவாக ஒதுங்கி இருக்கும் தைராய்டு செல்கள்கூடத் தங்கள் புரதங்களை எதிர்ப்பு அணுக்களுக்கு எடுத்துக் காட்டத் தொடங்கிவிடலாம். ஏற்கெனவே தைராய்டின் மேல் ஒரு கண் வைத்திருக்கும் லிம்ஃபோசைட்டுகள் அப்போது விழித்துக்கொள்ளும். எனக்கு இந்த விளக்கத்தின் மேல்தான் நம்பிக்கை அதிகம். ஏனென்றால் மருத்துவமே அறியாமல் செய்த ஒரு சோதனை இதற்குச் சாட்சி. ஹெபடைடிஸ் சி நோய்க்கு முன்பு இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஊசியைப் பல மாதங்கள் போட்டுவந்தார்கள். போட்டுக்கொண்டவர்களில் கணிசமானோருக்குத் தைராய்டு ஆன்டிபாடி வந்தது, சிலருக்கு நோயாகவே முற்றியது. சிகிச்சைக்கு முன்பே ஆன்டிபாடி இருந்தவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அதாவது, குறிப்பிட்ட ஒரு கிருமிதான் வேண்டும் என்றில்லை. சரியான மண்ணில் அந்த அபாய அறிவிப்பு நீண்ட நாள் ஒலித்தாலே போதும். ஹெபடைடிஸ் சி வைரஸுக்கே தைராய்டோடு தொடர்பு உண்டு என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. மற்றக் கிருமிகளோடு ஒப்பிட்டால் அந்த ஆதாரம் வலுவானதுதான். ஆனால் அது பல வருடம் உடலில் தங்கியிருக்கும் வைரஸ், ஒரு வாரத்தில் போகும் தொண்டைத் தொற்று அல்ல.

குழந்தைகளைப் பொறுத்தவரை நான் மிகவும் மதிக்கும் ஆதாரம் ருபெல்லா என்ற ஜெர்மன் தட்டம்மைதான். 1941-ல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேர் வருவதைக் கவனித்தார். கேட்டுப் பார்த்தால், கிட்டத்தட்ட எல்லாத் தாய்மார்களுக்கும் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா வந்திருந்தது. கண், காது, இதயப் பாதிப்புகள் சிறு வயதிலேயே தெரிந்தன. ஆனால் அப்படிக் கருவிலேயே ருபெல்லா தாக்கிய குழந்தைகள் வளர்ந்து பதின்வயதை எட்டியபோது இன்னொன்றும் வெளிப்பட்டது: முதல் வகைச் சர்க்கரை நோயும் தைராய்டு ஆன்டிபாடியும் மற்றப் பிள்ளைகளைவிட அவர்களிடம் அதிகம். தொற்று வந்தது கருப்பையில், தைராய்டு கெட்டது பத்துப் பதினைந்து வருடம் கழித்து! ஒரு தொற்று உண்மையிலேயே விதை போட்டிருந்தாலும், அந்த விதையைப் போன மாதக் காய்ச்சலில் தேடினால் கிடைக்காது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறு எனக்குத் தெரியவில்லை. ருபெல்லாவைத் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தடுப்பூசியால்தான் பிள்ளைக்குத் தைராய்டு வந்தது என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசிகள் ஹாஷிமோட்டோவை உண்டாக்குகின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை. ருபெல்லா விஷயத்தில் தடுப்பூசி தைராய்டையும் சேர்த்தே காப்பாற்றுகிறது.

எப்ஸ்டீன்-பார், பார்வோ வைரஸ் பி19, ஹெர்பிஸ் குடும்பத்து ஆறாம் வைரஸ், வயிற்றில் வாழும் ஹெலிகோபேக்டர், அண்மைக் காலத்தில் கோவிட் என்று சந்தேகப் பட்டியல் நீளமானது. ஒவ்வொன்றுக்கும் ஆதரவாகச் சில ஆய்வுகள், எதிராகச் சில. இதில் ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. எப்ஸ்டீன்-பார் வைரஸ் உலகில் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வந்துபோன ஒன்று, வந்த பிறகு உடலைவிட்டுப் போவதும் இல்லை. திருட்டு நடந்த வீட்டில், தினமும் வந்துபோகிறவரின் கைரேகை கிடைத்தால் அவரைத் திருடன் என்று சொல்லிவிட முடியுமா? நோயாளியின் தைராய்டில் வைரஸின் தடயம் கிடைப்பதும் அப்படித்தான். அதனால், “எந்த வைரஸ் என்று பார்க்க எல்லாப் பரிசோதனையும் எடுத்துவிடலாமா?” என்று கேட்கும் பெற்றோரிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். முடிவு எதுவாக வந்தாலும் சிகிச்சை மாறாது.

நேர் எதிரான ஒரு செய்தியும் உண்டு. ஃபின்லாந்தும் ரஷ்யாவின் கரேலியாவும் அடுத்தடுத்த பகுதிகள், மரபு வழியிலும் அந்த மக்கள் நெருக்கமானவர்கள். வாழ்க்கை வசதியில்தான் பெரிய வித்தியாசம். கரேலியப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஹெபடைடிஸ் ஏ, ஹெலிகோபேக்டர் போன்ற தொற்றுகள் அதிகம். தொற்றுதான் தைராய்டைக் கெடுக்கிறது என்றால் அங்கேதான் தைராய்டு ஆன்டிபாடி கூடுதலாக இருக்க வேண்டும். 2008-ல் வெளியான ஆய்வில் பார்த்தால், ஃபின்லாந்துப் பிள்ளைகளைவிடக் கரேலியாவில் பல மடங்கு குறைவு! சிறு வயதில் பலவகைக் கிருமிகளைச் சந்திப்பது எதிர்ப்புச் சக்திக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுக்கிறது என்ற கருத்துக்கு இது வலு சேர்க்கிறது. உடனே பிள்ளையைச் சேற்றில் புரள விட வேண்டும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ‘தொற்று கெட்டது, எனவே உடலே தன்னைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் நோய்க்கும் அதுவே காரணம்’ என்று ஒரே கோடாகப் போட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மண் என்று மேலே சொன்னேனே, அது பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. டென்மார்க்கில் இரட்டையர்களை ஆராய்ந்ததில், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு ஹாஷிமோட்டோவால் தைராய்டு குறைந்திருந்தால், மற்றவருக்கும் அது இருந்தது ஏறக்குறைய பாதிப் பேரிடம். மரபு எவ்வளவு பலமானது என்பதும் அதில் தெரிகிறது, அது மட்டுமே போதாது என்பதும் தெரிகிறது. மீதிப் பங்கில் தொற்று இருக்கலாம், அளவுக்கு மீறிய அயோடின் இருக்கலாம், பருவமடையும் காலத்து ஹார்மோன் மாற்றம் இருக்கலாம், வெறும் தற்செயலும் இருக்கலாம். பெண் பிள்ளைகளுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது. டவுன் சின்ட்ரோம், டர்னர் சின்ட்ரோம், முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தைராய்டு பார்ப்பது இதனால்தான். உங்கள் வீட்டில் பாட்டி, அத்தை, சித்தி என்று யாருக்காவது தைராய்டு மாத்திரை உண்டா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் ஒருவராவது கிடைப்பார்.

ஆன்டிபயாடிக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தைராய்டிலேயே நேரடியாகக் கிருமி புகுந்து சீழ் பிடிக்கும் நோய் ஒன்று குழந்தைகளுக்கு உண்டு, அரிதாக. பெரும்பாலும் இடது பக்கம்தான் வரும். தொண்டையின் உள்ளிருந்து தைராய்டு வரை பிறவியிலேயே ஒரு நுண்குழாய் அடைபடாமல் நின்றுபோயிருக்கும், அதன் வழியே கிருமி இறங்கும். கழுத்து சிவந்து வீங்கும், தொட்டாலே குழந்தை அலறும், விழுங்க முடியாது. ஆன்டிபயாடிக் வேலை செய்யும் இடம் அதுதான், கூடவே அந்தக் குழாயையும் அடைக்க வேண்டும். வைரஸ் காய்ச்சலுக்குச் சில வாரம் கழித்துத் தைராய்டு வலியோடு வீங்கும் இன்னொரு நோயும் உண்டு, அது பெரியவர்களிடம்தான் அதிகம், பெரும்பாலும் தானே ஆறிவிடும். ஹாஷிமோட்டோ பொதுவாக வலிக்காது. உங்கள் மகளின் கழுத்தைத் தொட்டால் வலி இல்லை என்றால் இவை இரண்டையும் விட்டுவிடலாம்.

இப்போது செய்ய வேண்டியதைப் பார்ப்போம். கடும் காய்ச்சலின் நடுவே தைராய்டு பரிசோதனை எடுத்தால் ஏமாற்றும். நோயில் கிடக்கும் உடல் தானாகவே டி3 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவைக் குறைத்துக்கொள்ளும், தேறி வரும்போது டி.எஸ்.எச். சில நாள் லேசாக ஏறி இறங்கும். அந்த லேசான ஏற்றம் 7, 8 என்ற அளவில் இருந்தால் சில வாரம் பொறுத்து மறுபடி பார்க்கலாம். 38, அதுவும் காய்ச்சல் போய் மூன்று மாதம் கழித்து, ஆன்டிபாடியோடு என்றால் அது வேறு. டி4 என்ற தைராய்டு ஹார்மோன் அளவையும் பார்த்துவிட்டு, அதை ஈடுகட்டும் மாத்திரையான லெவோதைராக்சின் தொடங்க வேண்டியதுதான். எதனால் வந்தது என்ற விசாரணைக்காக மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள், வளர்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு மாதமும் கணக்கு. தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். திரும்பப் பாருங்கள். ஆன்டிபாடியைத் திரும்பத் திரும்பப் பார்க்கத் தேவையில்லை. 600 என்பது 900 ஆனால் நோய் முற்றிவிட்டது என்றோ, 300 ஆனால் குணமாகிறது என்றோ பொருள் இல்லை.

ஒரு சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி பார்க்கிறேன். காய்ச்சலுக்குப் பிறகு பிள்ளை தேறட்டும் என்று இரும்புச்சத்து டானிக், கால்சியம் எல்லாம் கொடுப்பார்கள். இவை லெவோதைராக்சினை வயிற்றிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் கொடுத்து, இவற்றை நாலு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். முடி வளரக் கொடுக்கும் பயோட்டின் ரத்தப் பரிசோதனையையே தவறாகக் காட்டும், அதனால் இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போங்கள். இனி காய்ச்சல் வந்தால் தைராய்டு மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். வாந்தியால் ஒன்றிரண்டு நாள் தவறினாலும் பயம் இல்லை, அந்த மருந்து உடலில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும்.

கிரேவ்ஸ் நோய்க்காகக் கார்பிமசோல் அல்லது மெதிமசோல் சாப்பிடும் பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால், அவர்களுக்குச் சட்டம் வேறு. அங்கே காய்ச்சலோ தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால் சாதாரணத் தொற்று என்று நினைத்து வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. அந்த மருந்து அரிதாக வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும். உடனே மருந்தை நிறுத்தி, அன்றே மருத்துவரிடம் போய் ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும்.

அப்புறம் தம்பி. அவனுக்கு இப்போது அறிகுறி எதுவும் இல்லை, நன்றாக வளர்கிறான் என்றால் பதற்றப்பட்டு இன்றே ரத்தம் எடுக்க வேண்டாம். அக்காவுக்கு இருப்பதால் அவனுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, செருப்பில்லாமல், குதிகால் சுவரில் படும்படி நிற்க வைத்து, தேதியோடு உயரத்தைக் குறித்து வையுங்கள். வளர்ச்சி தளர்ந்தாலோ, கழுத்து நிறைந்து தெரிந்தாலோ, காரணமில்லாமல் மலச்சிக்கலும் மந்தமும் வந்தாலோ டி.எஸ்.எச்., டி.பி.ஓ. இரண்டும் பாருங்கள். அவனுக்கும் அப்போது சளி காய்ச்சல் ஏதாவது இருந்தால், அது ஓய்ந்து சில வாரம் கழித்துப் பார்ப்பது நல்லது. மகளை அடுத்த முறை மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது அவளுடைய பழைய உயர அளவுகளையும் பள்ளிக்கூடப் படங்களையும் கையோடு எடுத்துப் போங்கள்.